யுஹானியின் பெயரில் வெள்ளிக்கிழமை அர்ச்சனை

கெல்சென்கிர்ச்சன்,
திங்கட்கிழமை

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

ஆதிரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் இந்தக் குளிரிலும் உங்கள் சொல்லைக் கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன். ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் யார் ரெலிபோன் எடுத்தாலும் கடைசியில் அம்மாதான் பேசி முடிப்பா. இது அம்மா அறியக்கூடாத விஷயம். ஆகவே கடிதம்.

விஷயம் சின்னது. கோயிலில் வெள்ளிதோறும் நீங்கள் நின்று செய்விக்கும் அர்ச்சனைகளில் ‘யுஹானி, உத்தரட்டாதி நட்சத்திரம், சிவகோத்திரம்’ என்று ஒருவர் இருக்கிறார். இந்த வெள்ளி முதல் அவரை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் பிரெண்ட் என்பவரைச் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான்.

யுஹானி யார் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அம்மா சொன்னதால் செய்தீர்கள். அவர் நான் வேலை செய்யும் ஐஸ் ஹொக்கிக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் யூனிவர்சிற்றிக்குப் போன முதல் ஆள் படித்து முடித்து ஐஸில் சறுக்குகிறவர்களிடம் வேலைக்குப் போய்விட்டாள் என்று நீங்கள் சிரித்தது எனக்குத் தெரியும். நான் சறுக்குவதில்லை பெரியப்பா, ஒபிசில் இருக்கிறேன். ஆனால் எனக்கு இன்னும் புறோபெற்சைட், வேலை நிரந்தரமாகவில்லை. நான் சேர்ந்த நேரம் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. அதை வீட்டில் சொன்னதுதான் பிழை. “கோச் நிலைச்சால்தான் நீயும் நிலைப்பாய். அவற்ற நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு வா” என்று அம்மா சொல்லிப்போட்டா. நான் ஒருவரிடம் மணி கேட்கவே கூச்சப்படுகிறவள். அவருடைய அறைக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொண்டுபோய், கடைசியில் பிறந்த நேரத்தைக் கேட்டேன். யுஹானி பின்லாந்துக்காரர், வாய் திறப்பதே அபூர்வம். கோப்பியைக் கீழே வைத்தார். பிறகு ஊரில் இருக்கிற தாய்க்குப் போன் போட்டு, “விடியக்காலை, பால் கறக்கிற நேரமாம்” என்றார். ஏன் என்று கேட்கவேயில்லை. பிறந்த திகதி ஒபிசில் இருந்தது, இரண்டையும் வைத்து அம்மா உத்தரட்டாதி என்று கண்டுபிடித்தா. கோத்திரத்தை நான் கேட்கவில்லை. தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று நீங்களே சொல்லி என்னைக் காப்பாற்றினீர்கள்.

அர்ச்சனை தொடங்கிய அடுத்த கிழமையே அவரை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். போனவர் பக்கத்து நகரத்து அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த அணி அன்றிலிருந்து வெல்கிறது பெரியப்பா. வெள்ளி அர்ச்சனை, ஞாயிறு வெற்றி. நான் படித்தவள், இதையெல்லாம் நம்பக்கூடாது. ஆனால் எல்லா ஞாயிறும் அப்படித்தான் நடக்குது. நிப்பாட்டச் சொல்லி அம்மாட்டக் கேட்டன். “சாமியிட்ட ஒருத்தருக்காகக் கேட்டுப்போட்டு, அவர் வேலை மாறினவுடன நடுவில விடுறதோ? ஒரு வருஷத்துக்கு நேர்ந்தது. அவர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்” எண்டா. “அவர் நல்லா இருந்தா எனக்கு வேலை போயிடும் அம்மா” எண்டன். “அப்பிடிச் சுயநலமாக் கதைக்காத” எண்டு என்னையே ஏசினா.

புதுசா வந்த பிரெண்ட் கனடாக்காரர், அவருக்கு வாய் ஓயாது. கோல் காக்கிற பெடியன் எப்பிடியோ இதை அறிஞ்சு அவரிட்டச் சொல்லிப்போட்டான். மனுசன் என்ர மேசைக்கு முன்னால வந்து நிண்டு, “யுஹானிக்குச் செய்யிறியள், எனக்கு ஏன் இல்லை? நான் தோக்கிறதுக்கு அதுதானோ காரணம்?” எண்டார். பகிடிக்குக் கேட்டவர் எண்டுதான் நினைச்சன். ஆனா அண்டைக்கு முழுக்க அந்தப்பக்கம் போகேக்கயும் வரேக்கயும் என்னைப் பாத்துக்கொண்டே போனார். வாற ஞாயிறு யுஹானியின்ர அணியோடதான் எங்கட ஆட்டம். தோத்தால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேணும், ஒபிசில ஆக்களைக் குறைப்பினம், முதல்ல நான்தான். அதுதான் பெரியப்பா, ஒரு பேரை மட்டும் மாத்திவிடுங்கோ. பிரெண்டின்ர நட்சத்திரம் தெரியாது, எல்லாருக்கும் பொதுவா இருக்கிற ஒண்டைப் போடுங்கோ. யுஹானிக்கு ஒரு கெடுதலும் வேண்டாம். ஞாயிறு மட்டும் கொஞ்சம் குறைஞ்சால் போதும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்களிருவருக்கும் அம்பாள் துணையிருக்கட்டும். எங்கள் அணிக்கும் சற்று மிச்சம் வைக்கட்டும்.

அன்பு மகள்,
ஆதிரை

பி.கு.: புதன்கிழமை. கடிதத்தைத் தபாலில் போட வெட்கப்பட்டு இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். நல்லதாய்ப் போயிற்று. இன்று காலை கழகத் தலைவர் கூப்பிட்டு, பிரெண்டை நீக்கியாயிற்று, அறிவிப்பு எழுது என்றார். புதுப் பயிற்சியாளர் யார் என்று கேட்டேன். யுஹானி! பக்கத்து நகரத்துக் கழகத்தின் தலைவர் அவருடைய இடத்தைத் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம். வெல்கிறவரையும் அனுப்புவார்கள் என்று இன்றைக்குத்தான் அறிந்தேன். யுஹானி வந்ததும் என் மேசையடியில் நின்று, “வெள்ளிக்கிழமை இன்னும் நடக்குதா?” என்று கேட்டார். கோல் காக்கிற பெடியன் அவருக்கும் சொல்லியிருக்கிறான். ஓம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அறிவிப்பை வாசித்துவிட்டுத் தலைவர், “கோச்மார் வந்து வந்து போவினம், எல்லாம் எங்கே இருக்கு எண்டு தெரிஞ்ச ஒராள் இங்க இருக்கவேணும்” என்று என் வேலையை அப்போதே நிரந்தரமாக்கிவிட்டார். எந்தப் பிரிவில் ஆடினாலும் நான் இருப்பேனாம். ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் செய்யவேண்டாம், யுஹானியின் அர்ச்சனையில் கை வைக்கவே வேண்டாம், அம்மாவிடம் மூச்சும் விடவேண்டாம்.

பிரெண்ட் போகும்போது, தாயிடம் கேட்டுத் தன் பிறந்த நேரத்தையும் சொல்லிவிட்டுப் போனார். பாவமாக இருந்தது. அவருக்கும் ஒன்று செய்யத்தான் வேணும். ஆனால் கொஞ்சம் பொறுங்கோ பெரியப்பா. அவர் எந்த அணிக்குப் போறார் எண்டு முதல்ல விசாரிச்சுச் சொல்லுறன்.