ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் நாகேந்திரமும்

வாங்குகிறவர்கள் ஓர் இனம். வாங்க வசதியில்லாதவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கையில் வசதியும் இருந்து, மனதில் ஆசையும் இருந்து, தரகரின் தொலைபேசி இலக்கம் மனப்பாடமாகவும் இருந்து, இன்னமும் வாங்காமல் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக்கொண்டே காலத்தை ஓட்டுகிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுதக்கூடியவர்கள் எந்தப் பேனா திறம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ. இந்த இனத்துக்கு ஒப்பீட்டாளர் என்று பெயர் வைப்போம். பிரிட்ஜை ஒப்பிடுவோர், பள்ளிக்கூடங்களை ஒப்பிடுவோர், மூட்டுவலித் தைலத்தை ஒப்பிடுவோர் என்று இதற்குள் பல கிளைகள் உண்டு. அத்தனைக்கும் மேலே, குலத்துக்கே முடிசூடியவராக வீற்றிருப்பவர் கார் ஒப்பீட்டாளர்.

அவரைக் காண அதிக தூரம் போகவேண்டியதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் ஐந்தாம் தட்டில், நாகேந்திரம் இருக்கிறார். காப்புறுதிக் கம்பனியில் பெரிய கதிரையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்த அவருக்கென்று சொந்தமாக ஓர் இடம் இருக்கிறது. வெள்ளவத்தையில் அப்படி ஓரிடம் இருப்பதென்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? அதற்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் போன குடும்பங்கள் உண்டு. நாகேந்திரத்தின் இடத்தில் பல வருடங்களாக நிற்பது, மேல்வீட்டுக்காரர் கழித்துவிட்ட ஒரு சோபா.

அவருக்குக் கார்களின் பெயர்கள் தேவைப்படுவதில்லை. அவருடைய உலகத்தில் இரண்டே பேர்தான்: ஜப்பான்காரன், ஜெர்மன்காரன். இருவரையும் ஒன்றுவிட்ட மச்சான்மாரைப் போலத்தான் பேசுவார். அவர் மனதைக் கொடுத்திருப்பது ஜப்பான்காரனின் நடுத்தரச் சொகுசுக் கார் ஒன்றுக்கு. சொகுசுக்குச் சொகுசு, ஓட்டத்துக்கு ஓட்டம். ‘ஸ்போர்ட்ஸ் செடான்’ என்று சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் இளகும். பெண்சாதியின் பெயரைச் சொல்லும்போது அப்படி இளகியதை யாரும் கேட்டதில்லை. அதற்குப் போட்டியாக ஜெர்மன்காரன் விற்கும் விலை கூடிய கார்களை அவர் ஒருபோதும் இகழமாட்டார். இகழ்ந்துவிட்டால் ஒப்பிட என்ன மிஞ்சும்?

“அவன்ர எஞ்சினும் ஆறு சிலிண்டர், இவன்ர எஞ்சினும் ஆறு சிலிண்டர். தோல் சீற்று ரெண்டு பேரிட்டயும் இருக்கு. பின்சில்லு தள்ளுற ஓட்டம் ரெண்டு பேருக்கும் இருக்கு. பிறகு என்னத்துக்கு ஜெர்மன்காரனுக்குக் கூடக் குடுக்கிறியள்? முன்னுக்கு ஒட்டியிருக்கிற தகட்டுக்கோ?” என்று கேட்பார். நீங்கள் “ஓம், அதுவும் சரிதான்” என்று தலையாட்டிவிட்டுத் தப்பிப் போகப் பார்த்தால், கையைப் பிடித்துக்கொள்வார். “ஆனா ஒண்டு. ஜெர்மன்காரன்ர கதவைச் சாத்தேக்கை ஒரு சத்தம் வருமெல்லே, அதை ஜப்பான்காரன் இன்னும் பிடிக்கேல்லை.” பிறகு அந்தச் சத்தத்தை வாயால் செய்தும் காட்டுவார். லிப்டுக்குள் செய்வார். சலூனில், கழுத்தில் கத்தி இருக்கும்போதே செய்வார். உறவினர் ஒருவரின் செத்தவீட்டில் பிரேத வண்டி புறப்படும்போது, “சஸ்பென்ஷன் போயிட்டுது. உள்ளுக்குக் கிடக்கிறவர் ஒண்டும் சொல்லமாட்டார் எண்ட துணிவு” என்று பக்கத்தில் நின்றவரின் காதில் சொன்னார்.

நாட்டுக்குள் கார் இறக்கக்கூடாது என்று தடை இருந்த காலத்தில் கார் ஆசைக்காரர் எல்லோரும் வாடித் திரிந்தார்கள். நாகேந்திரம்? தளதளவென்று செழித்தார். வாங்கவே முடியாத நாட்டில் ஒப்பிடுவதுபோல் சுகம் வேறு உண்டா? “அப்ப எப்ப எடுக்கிறியள்?” என்று ஒரு குருவி கூடக் கேட்காது. தடை நீங்கியது என்று செய்தி வந்த அன்று முகம் விழுந்துபோன மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

தன்னுடையதை வாங்காதவர், பிறத்தியார் வாங்கியதைச் சும்மா விடுவாரா? கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஒஸ்வால்ட் என்று ஒரு நண்பர். துறைமுகத்தில் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒஸ்வால்ட் யாரையும் கேட்காமல், கண்ணுக்குப் பிடித்த ஒரு சின்னக் காரை வாங்கி, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஆசீர்வாதமும் எடுத்துக்கொண்டு, மனைவி றோஸி வெட்டிய கேக்கோடு நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினார். நாகேந்திரம் காரைச் சுற்றி ஒருதரம் வந்தார். மூலையில் கையை வைத்து அமத்தினார். கதவைத் திறந்து சாத்தி, காதைச் சரித்துக் கேட்டார். பிறகு விலையை விசாரித்தார். ஒஸ்வால்ட் தொகையைச் சொன்னார்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“ஏன் மச்சான், கூடவா குடுத்திட்டேன்?”

“அப்பிடியில்லை. நல்ல காருதான். அந்தோனியாரிட்டக் கொண்டுபோனது அதைவிட நல்லது.”

அன்றைக்கு றோஸியின் கேக்கில் ஒரு துண்டு கூட ஒஸ்வால்டுக்கு இறங்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதைதான், பத்மாவதி இல்லாவிட்டால். பத்மாவதி, நாகேந்திரத்தின் மனைவி. கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, வீட்டு முன்னறையில் ரியூஷன் கொடுப்பவர். அவருக்கு வாகனம் ஒத்துவராது. பஸ் என்றால் பம்பலப்பிட்டி தாண்டமுன்னம் தலை சுற்றும். வான் என்றால் ஏசி மணத்திலேயே குமட்டும். முச்சக்கரவண்டி என்றால் ஒரு கையில் தேசிக்காயும் மறுகையில் சொப்பிங் பையுமாகத்தான் ஏறுவார், இறங்கும்போது பை வெறுமையாக இருக்காது. ஒரே மகள் சாருஜா இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டொக்டர். வருகிற மாதம் அவளுக்குப் பிள்ளைப்பெறு. கொழும்புக்கு வந்துவிடு என்றால் லீவு இல்லை என்கிறாள். தலைப்பிள்ளைப் பெறுவுக்குத் தாய் போய்ப் பத்தியக்கறி காய்ச்சிக் கொடுக்காவிட்டால் வேறு யார் போவார்கள்? வெள்ளவத்தை ரயில் இரத்தினபுரிக்குப் போகாது. அவிசாவளைக்கு அப்பால் வீதியோ சாரைப்பாம்பு போல வளைகிறது. தான் போய்ச் சேராமலே பேரப்பிள்ளை பிறந்துவிடுமோ என்று பத்மாவதிக்கு இரவில் நித்திரை இல்லை.

“இஞ்சரப்பா, எனக்குச் சத்தி வராத ஒரு வாகனம் போதும். வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

“அதைத்தானே நானும் பாத்துக்கொண்டிருக்கிறன். ஜப்பான்காரன்ர சஸ்பென்ஷன் மெத்தை மாதிரி. ஆனா வளைவில ஜெர்மன்காரன்தான் சரியாத் தாங்கிறான். இதில அவசரப்படக்கூடாது.”

“பிள்ளை அவசரப்படும்.”

கடைசியில் மாளிகாவத்தைத் தரகர் ஸாலிஹ், அந்த ஜப்பான்காரனின் கார் ஒன்றையே, ஒருவர் மட்டும் ஓடிய சுத்தமான வண்டி, ஒரு சனிக்கிழமை காலை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். “சேர், இத பாக்க இன்னும் ரெண்டு பேர் வார. ஒங்களோட பழக்கத்துக்கு மொதல்ல இங்க கொண்டாந்தேன். ஓடிப் பாத்துட்டு இன்னக்கே ஒரு முடிவு செல்லுங்க” என்றார். முடிவு என்ற சொல்லைக் கேட்டதும் நாகேந்திரம் ஓர் எட்டுப் பின்னுக்கு வைத்தார். ஆனாலும் ஏறினார். ஸாலிஹ் ஓட்ட, அவர் முன்னால் இருக்க, பத்மாவதி தேசிக்காயும் பையுமாகப் பின்னால் இருக்க, கார் காலி வீதிக்குள் இறங்கியது.

நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தொட ஐந்தாறு செக்கன் போதும் என்பது நாகேந்திரத்தின் தினசரித் தேவாரம். முந்நூறு குதிரைகளின் சக்தி அந்த எஞ்சினுக்குள் கட்டிக் கிடந்தது. முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய முச்சக்கரவண்டி. அதற்கு முன்னால் பஸ். அதற்கு முன்னால் இன்னொரு பஸ்ஸோடு சண்டை பிடிக்க இறங்கிப் போன பஸ் சாரதி. முந்நூறு குதிரைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு நகர, குடையோடு சந்தைக்குப் போன ஒரு அம்மா அவர்களை ஆறுதலாக முந்திக்கொண்டு போனார்.

அப்போதுதான் பக்கத்து வரிசையில் அது வந்து நின்றது. ஜெர்மன்காரனின் கார். விலை கூடியது, கறுத்தது, பளபளவென்றது. கூடக் கொடுத்தவனும் அதே கிழங்கு வண்டிக்குப் பின்னால்தான். நாகேந்திரம் கண்ணாடியை இறக்கினார். மற்றப் பக்கத்திலும் கண்ணாடி இறங்கியது.

“அண்ணை, இது அந்த ஆறு சிலிண்டர் தானே?” என்று கேட்டார் ஜெர்மன் காரின் சொந்தக்காரர். ஹெவ்லொக் டவுனில் இருக்கும் பல் டொக்டர், பெயர் வலன்ரைன். “நான் இதை எடுத்த நாளில இருந்து உங்கட கார்தான் கண்ணுக்குள்ள நிக்குது.”

எத்தனை வருடத் தவம். ஜெர்மன்காரனின் வாயாலேயே தோல்வி ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. நாகேந்திரம் ஆனந்தக் கூத்தாடியிருக்கவேண்டாமா? அவருடைய உள்ளத்தில் பொறி தட்டியது வேறு. இவன் ஏன் விட்டுக்கொடுக்கிறான்? அவனுடைய காரில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து பத்மாவதியின் குரல் கேட்டது. “இஞ்சரப்பா, எனக்கு ஒண்டும் செய்யேல்லை. தேசிக்காயை மணக்கக்கூட இல்லை. இதையே எடுப்பம்.”

“நீர் கொஞ்சம் பொறும். மற்றதில ஒருக்கா இருந்து பாத்திட்டு வாறன்.”

சொன்னவர் கதவைத் திறந்தார், இறங்கினார், காலி வீதியின் நடுவில் இரண்டு எட்டு வைத்து, ஜெர்மன்காரனின் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்தபோது சண்டை முடிந்து, பஸ்கள் நகர்ந்து, கிழங்கு வண்டி ஒதுங்கி, பெண்சாதி இருந்த கார் போய்விட்டது.

வேறொருவர் என்றால் பதறியிருப்பார். இங்கே இரண்டு ஒப்பீட்டாளர்கள் ஒரே காருக்குள் இருந்தார்கள். உலகம் அழிந்தாலும் தெரியாது. வலன்ரைன் ஜப்பான்காரனைப் புகழ, நாகேந்திரம் விட்டுக்கொடுக்காமல் ஜெர்மன்காரனைப் புகழ்ந்தார். வலன்ரைன் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் கிடைக்கும் சுலபத்தைச் சொன்னார். நாகேந்திரம் வளைவில் தாங்கும் அழகைச் சொன்னார். ஒருவர் காரை மற்றவர் தலையில் வைத்துக் கொண்டாடிக்கொண்டே கொள்ளுப்பிட்டி வரைக்கும் போய்விட்டார்கள். அங்கே வலன்ரைனுக்காகப் பல்வலிக்காரர்கள் காத்திருந்தார்கள். தொலைபேசியைத் தேடினார் நாகேந்திரம். அது ஜப்பான்காரனோடு போயிருந்தது. முந்நூறு குதிரையும் இல்லாமல், தோல் சீற்றும் இல்லாமல், 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

கீழ்த்தளத்தில் சோபாவைக் காணவில்லை. அந்த இடத்தில் கார் நின்றது.

“குடுத்திட்டன்,” என்றார் பத்மாவதி.

“என்னத்தை?”

“செக்கை. என்ர ரியூஷன் காசும் உங்கட காசும் சேந்து கிடந்த கணக்கில. ஸாலிஹ் தம்பி மற்ற ஆக்களிட்டப் போறன் எண்டார். போகவேண்டாம் எண்டிட்டன்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் போன் அடிச்சனான். அது காருக்குள்ளயே கிடந்து அடிச்சுது.”

நாகேந்திரம் மேலே வீட்டுக்குப் போய்க் கதிரையில் இருந்தார். அவரைக் கேலி செய்யத்தான் நாம் வந்தோம், ஆனால் அந்த நேரம் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதுவரைக்கும் உலகத்துக் கார்கள் எல்லாம் அவருடையவை. காலையில் ஜப்பான்காரனில் ஏறி மாலையில் ஜெர்மன்காரனில் இறங்குவார். ஒன்றையும் வாங்காதவரிடம் யாரும் பிழை பிடிக்கமுடியாது. இனி ஒரே ஒரு கார். அதுவும் கீழே நிற்கிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் அதன் மூலையில் கையை வைத்து அமத்திப் பார்ப்பான். பிழைத்துவிட்டால் பிழை அவருடையது. அவர் இத்தனை காலமும் பயந்தது அதற்குத்தான்.

அடுத்த கிழமை ஒஸ்வால்ட் வந்து காரை ஓட்ட, மூவருமாக இரத்தினபுரிக்குப் புறப்பட்டார்கள். அவிசாவளை கழிந்தது. வளைவுகள் வந்தன. வாகனத்துக்குள் தண்ணீரும் குடிக்காத பத்மாவதி ஓர் உளுந்து வடை சாப்பிட்டார். இன்னொன்றும் சாப்பிட்டார். பிறகு சீற்றில் சாய்ந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டார்.

“எப்பிடி மச்சான் காரு?” என்று கேட்டார் ஒஸ்வால்ட், கேக் இறங்காமல் போன நாளை நினைத்தபடி.

நாகேந்திரம் திரும்பி மனைவியைப் பார்த்தார். “மெள்ளப் போடாப்பா. அவ நித்திரை” என்றார்.

குணமாகிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சாருஜாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பத்மாவதி முதல் நாளிலிருந்தே பக்கத்தில் இருந்து பத்தியம் காய்ச்சினார். பேத்தி சேலையில் கட்டிய ஏணையில் சுகமாக ஆடுகிறாள். ஏன் ஏணை என்றால், தொட்டில் வாங்கிவரச் சொல்லிப் பாட்டனாரைக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் வலன்ரைனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: மரத் தொட்டிலா, இரும்புத் தொட்டிலா, விலை கூடியதில் அப்படி என்னதான் இருக்கிறது?

போகட்டும். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். இதை வாசித்துக்கொண்டு வந்த நீங்கள் நடுவில் ஓரிடத்தில், ‘இவர் பரவாயில்லை, எங்கள் வீட்டு மனிதர் இவரைவிட மோசம்’ என்றோ, ‘எங்கள் மச்சானைவிட இவர் ஒரு படி மேல்’ என்றோ நினைத்தீர்கள் அல்லவா? இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, சுற்றி வந்து, அமத்திப் பார்த்து, ஒரு முடிவுக்கும் வராமல் அடுத்த பந்திக்குப் போயிருக்கிறீர்கள்.