ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் முன் படிக்கவும்

வேலம்பாளையம்,
வியாழக்கிழமை, காலை பத்து மணி.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தரணீதரன் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன், வழக்கறிஞர் ஞானசம்பந்தம் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அக்காவும் நலம். தாங்கள் என் பொறுப்பில் விட்டுச் சென்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் நலம். ஜெர்மனியில் பனியன் ஆர்டர் பேசி முடித்து, சனிக்கிழமை நலமாகத் திரும்பிக் காரில் ஏறும்போது ஓட்டுநர் இருக்கையில் இக்கடிதத்தைக் காண்பீர்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிங்க மச்சான், சரிங்க மச்சான்" என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

தாங்கள் விதித்த நிபந்தனைகள் இரண்டு: காரை வெயில் படாத இடத்தில் நிறுத்த வேண்டும், ஞாயிறுதோறும் பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட வேண்டும். இரண்டும் குறைவற நிறைவேற்றப்பட்டன. தென்னை மட்டை விழாத இடமாக, எங்கள் வீட்டை ஒட்டிய, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டின் காலி ஷெட்டைக் கேட்டு வாங்கினேன். யூனிட்டின் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் நேரே அந்த ஷெட்டைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்பதால் காற்றோட்டத்துக்கும் குறைவில்லை. நிபந்தனையில் இல்லாவிட்டாலும், என் சொந்த அக்கறையில், காரின் பக்கவாட்டுக் காற்றுத் துளைக்குள் இருந்த ஏர் ஃபில்டரைக் கழற்றி அலசி, மொட்டைமாடியில் இரண்டு வாரத்துக்கு மேல் காயவைத்தேன். இடையில் வந்த ஞாயிறன்றும் ஒப்புக்கொண்டபடி என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த ஞாயிறன்றுதான் மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் இருமியது, குலுங்கியது, நின்றது. தங்களுக்குக் காரை விற்ற கோயம்புத்தூர் நிறுவனத்தாரிடம் விசாரித்ததில், உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் பழுதாகியிருக்கலாம் என்றும், வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பினால் மூன்று வாரத்தில் பார்ப்பதாகவும் சொன்னார்கள். தங்கள் மகள், நம் தேஜஸ்ரீயின் கல்யாண வரவேற்போ இந்த ஞாயிறு. அப்பாவின் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வருவேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். என் பொறுப்பில் இருந்த காரால் குழந்தையின் ஆசை கெட்டது என்ற பேச்சு எழக்கூடாது. ஆகவே புதிய சென்சாரை அந்த நிறுவனத்தாரிடமிருந்தே கூரியரில் வரவழைத்து, செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கு விடுப்பு எழுதிவிட்டு நானே மாற்றத் தீர்மானித்தேன்.

உங்கள் அக்கா, "ஏனுங்க, பல்பு மாத்தறதுக்கே ஆளக் கூப்பிடறவுங்க, ரேஸ் காரப் பிரிக்கறீங்ளா?" என்றாள். இது பதிவுக்காக மட்டும்.

உதவிக்கு எங்கள் மாடியில் குடியிருக்கும் ஜெபக்குமாரை அழைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அதே நிட்டிங் யூனிட்டில் மெஷின் ஃபிட்டர். வந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சார், எங்க மெஷின் நின்னுச்சுன்னா மொதல்ல ஏர் அடிச்சுதாம் பாப்போம். இதுவும் பஞ்சுதாம். ஒரு ஊது ஊதினா போச்சு" என்றார். விசாரணை முடியும் முன்பே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் கூடாது என்று அவருக்கு எடுத்துரைத்தேன். "சரி சார், ஒங்க இஷ்டம்" என்று பேட்டரி ஒயரைக் கழற்றப் போனார்.

எதையும் தொடும் முன் இருக்கும் நிலையைப் பதிவு செய்ய வேண்டுமல்லவா? மகஜர் எழுத உட்கார்ந்தேன். முன்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் குழி. ஒரு குடையும் தங்கள் பழைய செருப்பும் கிடந்தன. 'என்ஜின் காணப்படவில்லை' என்று எழுதி நேரத்தையும் குறித்து, காவல் நிலையத்துக்குப் புகார் மனுவும் பாதி எழுதிவிட்டேன். ஜெபக்குமார் மனுவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார் எழுதுதிய? எஞ்சின் பின்னாடில்லா இருக்கு!" என்றார். அந்த மனு கிழிக்கப்பட்டது. மகஜரில் மட்டும் 'பின்னர் கண்டெடுக்கப்பட்டது' என்று சேர்த்திருக்கிறேன்.

கழற்றிய திருகுகள் கலந்துவிடாமல், உங்கள் அக்காவின் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக இட்டு, ஒவ்வொன்றுக்கும் சான்று எண் எழுதிய சீட்டு வைத்தேன். "இட்லித் தட்டையும் கோர்ட்டுல ஒப்படைச்சாச்சுங்ளா? பொழுதோட எதுல மாவு ஊத்தறது?" என்று கேள்வி வந்தது. அன்றும் மறுநாளும் உப்புமா.

சென்சார் வெளியே வந்ததும் ஜெபக்குமார் பழக்கதோஷத்தில் அதை வாயால் ஊதி, இடுப்பில் செருகியிருந்த பனியன் துணியால் துடைத்துவிட்டார். சான்றைத் துடைக்கலாமா என்று கண்டித்தேன். பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என மேசையில் வைத்து, பாகத்தின் எண்ணை ஒப்பிட்டேன். இருப்பவை இரண்டே என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை, சீட்டு வைக்கவில்லை. அந்த நேரம் தேஜஸ்ரீ போன் செய்தாள். "மாமா, காரு ரெடியாயிருமுங்ளா? ஃப்ரெண்ட்ஸெல்லாம் மண்டப வாசல்லயே நிக்கறோம்னு சொல்லியிருக்காங்கோ." குரலில் அவ்வளவு கலக்கம். "மாமன் இருக்கறேன், தைரியமா இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, மேசையின் மறுபுறம் கிடந்த நாற்காலியில் அமர்ந்து, வலப்பக்கம் இருந்ததை எடுத்து என் கையாலேயே பொருத்தினேன்.

பேட்டரி ஒயரை மாட்டி, காய்ந்திருந்த ஃபில்டரையும் அதன் இடத்தில் வைத்து, பட்டனை அழுத்தினேன். மாப்பிள்ளை, விளக்கு எரியவில்லை! இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. புதிய சென்சாரின் அருமையை அந்த நொடியே உணர்ந்தேன். உங்கள் அக்காவை ஏற்றிக்கொண்டு பெருமாநல்லூர் வரை போய் வந்தேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லவில்லை; ஒரு பால் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. "ரோட்டு மேலயே சம்மணம் போட்டு உக்கோந்தாப்ல இருக்குதுங்" என்றவள், திரும்பும்போது, "இன்னொருக்கா அப்படியே ஒரு சுத்துச் சுத்தலாமுங்ளா?" என்று கேட்டாள். கல்யாணமாகி இருபத்தொன்பது ஆண்டுகளில் நான் பழுது பார்த்த ஒன்றை அவள் மறுமுறை கேட்டது இதுவே முதல் தடவை. சுற்றினோம்.

குறையுள்ள பாகத்தோடு காரை விற்றவர்களைச் சும்மா விட முடியுமா? பழைய சென்சாரை அரக்கு முத்திரையிட்ட உறையில் வைத்து, ஏழு பக்க வக்கீல் நோட்டீசுடன் புதன்கிழமை பதிவுத் தபாலில் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டேன். இட்லித் தட்டின் கடைசிக் குழியில் ஒரு திருகு மீதமிருக்கிறது. அது இக்காருக்கு உரியதல்ல என்பது என் தாழ்மையான கருத்து.

தங்கள் வரவும் ஆர்டரும் நல்லபடியாக அமையட்டும். தேஜஸ்ரீக்கும் மாப்பிள்ளைப் பையனுக்கும் நோய்நொடியில்லாத, வழக்கு வம்பில்லாத நீண்ட வாழ்வு கிடைக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள மச்சான்,
ஞானசம்பந்தம்.

பி.கு.: வெள்ளிக்கிழமை மாலை. கோயம்புத்தூரிலிருந்து சற்றுமுன் பேசினார்கள். மிகவும் மரியாதையாகவே பேசினார்கள். "நோட்டீஸ் கிடைச்சுதுங்க சார். ஆனா நீங்க அனுப்பியிருக்கறது போன வாரம் நாங்க உங்களுக்கு அனுப்புன புதுசுங்க. சீரியல் நம்பர் எங்க பில்லுலயே இருக்குதுங்க" என்றார்கள். மேசையின் எந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்பதை மேலே நானே எழுதிவைத்திருக்கிறேன், மறுக்க வழியில்லை. ஆகவே காரில் இருப்பது பழைய சென்சாரே. அதற்கு எந்த நோயும் இருந்ததில்லை. ஃபில்டர் மாடியில் காய்ந்த நாட்களில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஊதிய பஞ்சைத்தான் அது சுமந்திருக்கிறது. ஜெபக்குமாரின் ஒரு ஊதலும் பனியன் துணியும் போதுமானதாக இருந்திருக்கின்றன. நோட்டீஸ் வாபஸ். மேலே எழுதியவற்றில் பெருமாநல்லூர் போய் வந்ததும், இன்னொரு சுற்றுச் சுற்றியதும் மட்டும் நிற்கும்; மற்றவை ரத்து. ஜெபக்குமாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். இப்போது மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. உங்கள் அக்கா கொண்டுபோய்க் கொடுத்த மீதித் திருகுடன் ஜெபக்குமார் இறங்கி வருகிறார். "சார், இது சென்சார் திருவுல்லா!" என்கிறார். தயவுசெய்து அவர் அதை மாட்டி முடிக்கும்வரை ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டாம். நான் டார்ச் பிடிக்கிறேன்.