சுவரில் வெள்ளை அடிக்கச் சொன்ன மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

நானும் உன் அக்காவும் நலம். ஆனால் தனித்தனியாக நலம். அவள் படுக்கையறையில் நலம், நான் கூடத்தில் நலம். நீயும் உன் மனைவியும் நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்டு வைக்கிறேன். நலமாகத்தான் இருப்பீர்கள். புதன்கிழமை மாலை நீங்கள் இரண்டு பேரும் சிரித்தது நோயாளிகள் சிரிக்கிற சிரிப்பு இல்லை. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். சொன்னால் மறுபடி சிரிப்பாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் என் காதில் விழாது, அந்த ஒரு வசதிக்காகவே எழுதுகிறேன்.

உன் தரப்புக் கதை அதற்குள் சொந்தக்காரர்களிடம் சுற்றுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்படுகிறேன். ஆகவே என் தரப்பை முதலிலிருந்து சொல்கிறேன். உன் அக்கா தலைமை ஆசிரியை ஆனது உனக்குத் தெரியும். அவள் அறைக்கு வெளியே உள்ள வராந்தாவில் இதுவரை இருந்த ஏழு தலைமை ஆசிரியர்களின் படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன. எட்டாவதாக ஓர் ஆணியும் அடித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் படம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படம் இன்னும் நாற்பது வருடம் அங்கேயே தொங்கும் என்பதால் அவளுக்கு உள்ளூரக் கவலை. வெளியே சொல்லவில்லை, கண்ணாடி முன்னால் நின்று மூன்று விதமாகத் தலை வாரிப் பார்த்தாள். "ஸ்டூடியோல போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். நான்தான் தடுத்தேன். அந்த ஸ்டூடியோக்காரனை நான் மறக்கவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது, வரிசையில் ஆறு பேர் நிற்க, "சார், முகத்த அழுற மாதிரி வெச்சுக்காதீங்க, சாதாரணமா இருங்க" என்றான். நான் சாதாரணமாகத்தான் இருந்தேன். அப்படிப்பட்டவன் கையில் உன் அக்காவின் நாற்பது வருடத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "நானே எடுக்கிறேன். எடுத்துக் காட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தது தப்பு என்று இப்போது சொல்லலாம். அப்போது நம் வீட்டில் கேமராவில் மாட்டுகிற ஒரு ஃப்ளாஷ் இருந்தது. நீ கொடுத்தது. பரிசு என்று நீ சொன்னாய், அலமாரியில் இடமில்லை என்று உன் மனைவி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாஷை நேராக அடித்து முதல் படம் எடுத்தேன். உன் அக்கா மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்தவள் மாதிரி இருந்தாள். மூக்குக்கண்ணாடியில் இடது பக்கம் ஒரு சூரியன், வலது பக்கம் ஒரு சூரியன். பின்னால் சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல். "எனக்குப் பின்னாடி நிக்கிறது யாரு, பழைய எச்.எம்.மா?" என்று கேட்டாள். உன்னைக் கூப்பிட்டேன். எங்கேயோ படப்பிடிப்பில் இருந்தாய். "மாமா, அது மொட்டை வெளிச்சம். முன்னால எதையாவது வெள்ளையா மறைங்க, சாஃப்டா வரும். வெளிச்சத்தத் திருப்பி அனுப்ப, கீழ ஒரு ரிஃப்ளெக்டர் வைங்க. கடைக்கெல்லாம் போகாதீங்க, வீட்டுல இருக்கிற பொருளே போதும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். வீட்டில் இருக்கிற பொருள்! இந்த மூன்று சொற்களால் இந்த வீட்டில் உருப்படியாக இருந்த பொருள்கள் எத்தனை போயின என்று உனக்குத் தெரியாது. கைக்குட்டையைக் கட்டினேன், ஃப்ளாஷ் ஜலதோஷம் பிடித்தது போல நின்றது, வெளிச்சம் வரவில்லை. உன் அக்காவின் குளியல் தொப்பியைப் போட்டேன், அதில் அச்சடித்திருந்த வாத்துகள் எல்லாம் சேர்ந்து அவள் முகத்தை மஞ்சள் காமாலை ஆக்கின. ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டி மாட்டினேன். வெள்ளை டப்பாதான், ஆனால் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பில் விளம்பரம் இருப்பதை நான் கவனிக்கவில்லை. முகம் இளஞ்சிவப்பாக வந்தது. "இது பள்ளிக்கூடத்துல மாட்டுற படமா, இல்ல வேனல் கட்டிக்கு மருந்து விக்கிற படமா?" என்றாள். அந்த டப்பாவுக்குள் மீதியிருந்த ஐஸ்கிரீமை வீணாக்கக் கூடாது என்று நானே சாப்பிட்டேன். என் தொண்டை கட்டியது தனிக்கதை.

ரிஃப்ளெக்டர் கதையையும் கேள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி நீவி ஒட்டி, நான் செய்தது நன்றாகவே இருந்தது. பிடிக்க ஆளில்லாததால் அவள் மடியிலேயே வைத்தேன். வெளிச்சம் கீழிருந்து மேலே போய்த் தாடையையும் மூக்குத் துவாரத்தையும் மட்டும் காட்டியது. புதைகுழியிலிருந்து எழுந்து வந்த ஆசிரியை. "பிள்ளைங்க பயந்து படிக்கும்" என்று ஒரு நல்லெண்ணத்தில் சொன்னேன். அவள் அலுமினியத் தாளை அட்டையிலிருந்து உரித்தெடுத்து, மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் எனக்கு மதிய உணவு பழைய செய்தித்தாளில் பொதிந்து வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நான் உனக்கு நிலைமையை விளக்கிப் பன்னிரண்டு வரியில் செய்தி அனுப்பினேன், நிறுத்தற்குறிகளோடு. அதற்கு நீ அனுப்பிய பதிலை அப்படியே கீழே தருகிறேன்:

"மாமா டப்பா தொப்பி எல்லாம் விடுங்க. சுவர்ல வெள்ளை அடிச்சு எடுங்க. சூப்பரா வரும்."

நான் இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒற்று எங்கே மிகும் என்று தெரியாத ஒருவனைத் தலைமைத் திருத்துநராக்கி, அவன் விட்டதையெல்லாம் என்னைத் திருத்தச் சொல்கிறார்கள், திருத்துகிறேன். உன் வாக்கியத்தை மூன்று முறை படித்தேன். எழுவாய், தோன்றாமல் நிற்கும் "நீங்கள்". இடம், சுவர். செயப்படுபொருள், வெள்ளை. பயனிலை, அடிப்பது. தமிழ் தெரிந்த எவனும் இதற்கு ஒரே ஒரு பொருள்தான் கொள்வான். நீ சொல்ல நினைத்தது "வெள்ளைச் சுவரில் ஃப்ளாஷை அடித்து, அது திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுங்கள்" என்பதாம். அப்படியானால் அந்த ஃப்ளாஷ் எங்கே? அந்த ஐகாரம் எங்கே? இரண்டையும் விழுங்கிவிட்டு, சொற்களையும் முன்பின்னாக மாற்றிப் போட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறாய்.

புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். நம் கூடம் பச்சை என்பது உனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் "பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி அக்கா" என்று சொன்னதும் நீதான். பெயிண்ட் வாளி, தூரிகை, ஏணி எல்லாம் கொண்டுவந்து, வாசல் கதவு இருக்கிற சுவர் முழுவதுக்கும் ஒற்றை ஆளாக வெள்ளை அடித்தேன். பச்சை லேசில் போகிற நிறமில்லை. இரண்டாவது பூச்சு முடியும்போது மணி ஐந்து, முதுகு நிமிரவில்லை. அந்த நேரம் பார்த்து உன் அக்கா பள்ளியிலிருந்து வந்தாள். படத்துக்கென்று எடுத்து வைத்திருந்த கருநீலப் புடவையைப் பள்ளியில் யாரிடமோ காட்ட அன்றைக்கே கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கதவுக்கு உட்பக்கம் செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கினாள், தினமும் செய்வது போலச் சுவரில் சாய்ந்தாள். நான் "ஏய்!" என்று கத்தினேன். கத்தியதில் திடுக்கிட்டு இன்னும் நன்றாகச் சாய்ந்தாள்.

"என்ன இது?" என்றாள்.

"சுவர்."

"அது தெரியுது. ஏன் ஈரமா இருக்கு?"

"உன் தம்பிதான் வெள்ளை அடிக்கச் சொன்னான்."

"நம்ம வீட்டு சுவத்துக்கு அவன் எதுக்கு வெள்ளை அடிக்கச் சொல்றான்?"

"படத்துக்கு."

அப்போதுதான் அவள் உன்னை ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். மீதி உனக்கே தெரியும். "ஐயோ மாமா, நான் வெளிச்சத்த அடிக்கச் சொன்னேன், நீங்க பெயிண்ட அடிச்சிட்டீங்களா!" என்று ஆரம்பித்து நீ சிரித்தது ஐம்பது விநாடி. உன் மனைவி "என்னங்க, என்னங்க" என்று ஓடிவந்து கேட்டுவிட்டுச் சேர்ந்து சிரித்தது நாற்பது விநாடி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெங்கே பார்ப்பது? நீங்கள் ஓய்ந்ததும் உன் அக்கா மெதுவாக, "நம்ம பெட்ரூம் சுவர் நாலும் வெள்ளைதானேங்க?" என்று கேட்டாள். உண்மைதான். பத்தடி தூரம்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கேமராவைக் கீழே வைத்திருப்பார்கள். நான் வாக்குக் கொடுத்தவன். "அடித்தது அடித்தாகிவிட்டது. முதுகில்தான் பெயிண்ட், முன்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு படம், உட்கார்" என்றேன். என்ன நினைத்தாளோ, நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். ஃப்ளாஷின் தலையை எனக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி ஒரு தடவை அழுத்தினேன். அவள் எழுந்து, "நாளைக்குக் காலைல ஸ்டூடியோ" என்று சொல்லி உள்ளே போனாள். நாற்காலியும் வெள்ளை.

வியாழக்கிழமை ஸ்டூடியோவில் எடுத்தாயிற்று. நான் வெளியே நின்றேன். அந்த ஆள் எட்டிப் பார்த்து, "சார், இன்னும் அப்படியேதான் இருக்கீங்க" என்றான்.

ஆகவே இதன் மூலம் உனக்குத் தெரிவிப்பது: உன் செய்தி பிழையானது என்று ஒப்புக்கொண்டு, முழு வாக்கியங்களில், எனக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் நகல் ஒன்று உன் அக்காவுக்கும் வர வேண்டும். உன் ஃப்ளாஷைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போகலாம். இனி இந்த ஜென்மத்தில் நான் கேமராவைத் தொடப்போவதில்லை. மற்றபடி உனக்கும் உன் மனைவிக்கும் எல்லா நலமும் வளமும் கிடைக்கட்டும், அவற்றை அனுபவிக்கும்போது கொஞ்சம் சத்தம் குறைவாக அனுபவிக்கவும்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கிடைக்காமல் இந்தக் கடிதம் நான்கு நாள் மேசையிலேயே கிடந்தது. இன்று செவ்வாய்க்கிழமை. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஸ்டூடியோக்காரன் அவளுடைய நரை, மச்சம், கண்ணோரச் சுருக்கம் எல்லாவற்றையும் துடைத்தெடுத்திருந்தான். பள்ளி எழுத்தர் வாங்கிப் பார்த்து, "மேடம், பொண்ணு படத்த மாத்திக் கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து என் கேமராவை எடுத்து, புதன்கிழமை கடைசியாக அழுத்திய படத்தைப் பார்த்தாள். சூரியன் இல்லை, நிழல் இல்லை, ஒவ்வொரு நரைமுடியும் தெரிகிறது. "இது நான்" என்றாள். நேற்று மாட்டிவிட்டார்கள். பின்னேரம் போய்ப் பார்த்தேன். மற்ற ஏழு பேரும் எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் அக்கா மட்டும் எதிரில் நிற்பவனையே பார்க்கிறாள், அன்றைக்கு என்னைப் பார்த்த அதே பார்வை. ஓடி வருகிற பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் நடக்கிறார்கள். நானும் கொஞ்ச நேரம் நின்றேன். என்னையறியாமல், "நான் வேணும்னு பண்ணல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் அதத்தான் சார் சொல்றாங்க" என்றார்.