நாலு மீட்டர் குளவி

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம், மாஸ்டர். ஒரே ஒரு பிள்ளையாவது நாலு மீட்டர் தாண்டணும். இல்லேன்னா இந்த மணல் குழியை மூடிட்டு டீச்சருங்க வண்டி நிறுத்த ஷெட் போட்டுடுவேன். நீங்க நூலகத்துல உக்காந்து புத்தகத்துக்கு அட்டை போடலாம்."

சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை போய்விட்டார். விளையாட்டு வாத்தியாரோ இருபது வருஷமாக வெயிலில் நின்று விசில் ஊதிய மனுஷன். கத்தரிக்கோலை நேராகப் பிடிக்கக்கூடத் தெரியாது. அந்தப் பள்ளியிலோ, நீளம் தாண்டுதலில் மூன்றரை மீட்டரைத் தாண்டிய பிள்ளை இன்னும் பிறக்கவேயில்லை.

போதாக்குறைக்கு, குழியில் புதுக் குடித்தனம் வேறு. தாண்டும் பலகையிலிருந்து மூன்றரை மீட்டர் வரைக்கும் மணலில் சின்னச் சின்ன ஓட்டைகள். உடம்பில் மஞ்சள் கோடு போட்ட குளவிகள் முன்னங்காலால் நாய் மாதிரி மணலைப் பின்னுக்கு வாரி இறைத்துக்கொண்டிருந்தன.

வாத்தியார் மண்வெட்டியை எடுத்தார். எல்லா ஓட்டையையும் மூடினார். கிளறிவிட்ட மணல் தோண்டுவதற்கு இன்னும் சுகமாக இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஓட்டை மறுநாள் இருபத்தைந்தாகியிருந்தது.

"தண்ணி ஊத்துங்க மாஸ்டர், தானா ஓடிடும்" என்றார் வாட்ச்மேன், நாற்காலியை விட்டு எழாமல்.

நாலு குடம் ஊற்றினார். ஈர மணலில் ஓட்டைகள் சரியாமல் கெட்டியாக நின்றன. அக்கம்பக்கத்துக் குளவிகளும் குடிவந்தன.

"ஓடிடும்னீங்களே?"

"ஓடித்தான் வந்துருக்கு" என்றார் வாட்ச்மேன்.

வியாழக்கிழமை காலை தார்ப்பாய் போட்டு மூடினார். ஆளுக்கொரு ஈயைக் காலில் இடுக்கிக்கொண்டு திரும்பிய குளவிகள், வாசலைக் காணாமல் மைதானம் முழுக்கச் சுற்றின. ஈயை வைத்துக்கொண்டு அதுகள் என்ன செய்யுமோ, யார் கண்டது! காலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த தலைமையாசிரியையின் மைக்கில் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"மாஸ்டர்ர்ர்!"

வாத்தியார் ஓடிப்போய்த் தார்ப்பாயை உருவிப் போட்டார். அவ்வளவுதான், இனி நூலகம்தான் என்று முடிவே கட்டிவிட்டார். அப்போதுதான் அவருக்கு அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, தான் மட்டும் குழியிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டு சொன்னார்:

"இது லேசுப்பட்ட குளவி இல்ல. கொட்டுச்சுன்னா கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிடும். மூன்றரை மீட்டருக்குள்ள விழுந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல, ஆமா!"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிங்க சார்" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை அளவு நாடாவோடு தலைமையாசிரியையே வந்து நின்றார். முதல் பையன் மூன்று எழுபது. அடுத்தவள் மூன்று எண்பது. வாத்தியாருக்கு வாயில் விசில் நிற்கவில்லை.

கடைசியாக வந்தது 'ஆமை'. அது அந்தப் பெண் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பட்டப்பெயர். வழக்கமாகப் பலகையைத் தாண்டியதும் தொப்பென்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். இன்றைக்கு ஓடி வந்தாள், பல்லைக் கடித்தாள், எம்பினாள். எம்பியவள் இறங்குவேனா என்றாள்.

தலைமையாசிரியை நாடாவை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார்.

"நாலு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர்! அடேயப்பா! ஷெட்டை வேற எங்கயாச்சும் போட்டுக்கறேன். நீங்க விசிலை ஊதுங்க மாஸ்டர்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று மணல் குழியைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்க புண்ணியத்துல பொழச்சேன் தாயீ! இனிமே மண்வெட்டியைத் தொட மாட்டேன். எத்தனை ஓட்டை வேணும்னாலும் போட்டுக்குங்க."

பிறகு ஆமையைத் தேடிப் போய் அவள் தலையில் கை வைத்தார். "என் வயித்துல பால வார்த்துட்ட, கண்ணு. இந்த நன்றிய நான் மறக்கவே மாட்டேன். ஆனாலும் கொட்டிடும்னு இப்படியா பயந்து பறப்ப!"

அவள் பாவாடையிலிருந்த மணலைத் தட்டியபடி சொன்னாள்:

"கொட்டிடும்னு பயந்தது நீங்க ஒருத்தர்தான் சார். உள்ள குஞ்சுங்க ஈக்காகக் காத்துட்டு இருக்குமே, மிதிச்சிடக் கூடாதேன்னுதான் நாங்கல்லாம் தள்ளிப் போய் விழுந்தோம்."