சம்பந்திக்குப் பரிமாறிய காளான்

ஆம்பூர்,
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

மேல்விஷாரம் ம-ள-ள-ஸ்ரீ கன்னியப்பன் மச்சான் அவர்களுக்கு, ஆம்பூர் ரத்தினசாமி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், தங்கள் தங்கை எல்லம்மாவும், மகள் சுந்தரியும் இந்த வரி எழுதுகிற வரைக்கும் க்ஷேமம். அடுத்த வரிக்கு நான் ஜவாப்தாரி இல்லை. அவ்விடம் தாங்களும் அக்காவும் சௌக்கியமென்றும், முக்கியமாக இந்த மழைக்குக் காளான் எதுவும் சாப்பிடவில்லை என்றும் உடனே பதில் எழுதக் கோருகிறேன்.

விஷயம் என்னவென்றால், வேலூர் வேலப்பாடியில் அரிசி மண்டி வைத்திருக்கும் வேதாசலம் அவர்கள் மகன் மூர்த்தியைச் சுந்தரிக்குப் பேசிக்கொண்டிருப்பது தங்களுக்குத் தெரிந்ததே. ஞாயிற்றுக்கிழமை பெரியவர் மட்டும் முதலில் வந்து வீடு பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. வந்தார், கால் கழுவினார், உட்கார்ந்தார், வானத்தைப் பார்த்தார், "நல்ல மழை பெஞ்சிருக்குதே, உங்க பக்கம் காளான் மொளைச்சிருக்குமே" என்றார். அவ்வளவுதான், தங்கள் தங்கை கதவிடுக்கிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். புத்துப் பக்கமெல்லாம் விடியறதுக்குள்ளயே ஜனங்க பறிச்சுட்டுப் போய்ட்டாங்க, பஜாரில் ஒரு கூறு கிடையாது. கடைசியில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால், சாறு இறங்கிப்போன ஆவாரம்பட்டைச் சக்கையைக் கொட்டுகிற மேட்டில் பார்த்தால், வெள்ளை வெளேரென்று தேர்த் திருவிழாக் கூட்டமாட்டம் நிக்குது! கெட்ட வாசனை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தேன். இத்தனை வருஷம் பட்டைக் கிடங்கு மேஸ்திரியாக இருக்கிற மூக்குக்கு என்ன தெரியும் மச்சான்? மேல்துண்டில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லம்மாவுக்குச் சந்தேகம். "இது எங்க பறிச்சது?" என்றாள். "பறிச்ச எடத்துல" என்றேன். விஷமிருந்தால் வெள்ளி கறுத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி மெட்டியைக் கழற்றிக் கொதிக்கிற குழம்பில் போட்டாள். எடுத்துப் பார்த்தால் கறுப்பு! "போடறதுக்கு முன்னால இன்னா கலர்டி?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அப்பவும் கறுப்புதான்" என்றாள். அப்படியானால் புதிதாக ஒன்றும் கறுக்கவில்லை என்று முடிவு கட்டி இலை போட்டோம். பெரியவர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நாங்களும் சாப்பிட்டோம். "வர்ற வெள்ளிக்கிழமையே வெத்தலைப்பாக்கு மாத்திக்கலாம்" என்று சொல்லி அவர் ரயிலேறினார்.

நேற்று திங்கட்கிழமை காலையில், தெருவோடு போன கம்பவுண்டர் சாமுவேலைக் கூப்பிட்டு இந்தப் பெருமையைச் சொன்னேன். சொல்லாமலிருந்திருக்கலாம். "பட்டைச் சக்கையிலயா? வாந்தி, பேதி ஏதாச்சும்?" என்றார். "ஒண்ணும் இல்லை, எல்லாரும் ஜோரா இருக்கோம்" என்றேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. "அதான் பயமா இருக்கு. ஒடனே வயித்தைப் புடுங்கினா முக்கால்வாசி பொழைச்சுக்கலாம். கெட்ட ஜாதி ஒண்ணு இருக்கு, அது மொத நாள் சும்மா கெடக்கும். ஆளு நல்லா இருக்கிறாப்பலவே இருக்கும். அப்புறம்தான் ஈரல்ல கைய வைக்கும்" என்றார்.

நல்லா இருக்கிறதே அடையாளம்னு ஒரு விஷத்தை எங்கனா கேள்விப்பட்டிருக்கீங்களா மச்சான்? எனக்கோ உடம்பில் ஒரு குறையும் இல்லை! சம்பந்தியிடம் சொன்னால் சம்பந்தம் போச்சு, சொல்லாவிட்டால் சம்பந்தியே போய்விடுவார். செருப்பை மாட்டிக்கிட்டு ஓடினவன்தான், ரயிலைப் புடிச்சு, காட்பாடியில எறங்கி, ஜட்கா வண்டி வச்சுக்கிட்டு வேலப்பாடி போய் நின்னேன். பெரியவர் மண்டிக்காரங்க நாலு பேரோட வாசல்ல உக்காந்திருக்காரு. "ஒடம்பு எப்படிங்க?"ன்னேன். "ரொம்ப நல்லா இருக்கு." "தூக்கம்?" "கட்டையாட்டம்." "பசி?" "இப்பதான் ஒரு தட்டு இட்லி காலி பண்ணேன்." நான் தூணைப் புடிச்சுக்கிட்டேன். "இன்னா மேஸ்திரி, நான் நல்லா இருக்கேன்னா ஒமக்கு ஏன்யா கண்ணு கலங்குது?"ன்னு கேட்டாரு.

அந்த நேரத்துக்கு வாயில வந்தது இதுதான்: சம்பந்தம் பேசினா மறுநாள் பையனோட அப்பா ஒரு சொம்பு உப்புத் தண்ணி குடிக்கணும், அது எங்க குலவழக்கம்னு சொல்லிட்டேன். பாவம், மரியாதைக்கார மனுஷன், ஒரே மூச்சில குடிச்சாரு. அந்த நாலு பேர் முன்னாலயே அத்தனை இட்லியும் வந்துடுச்சு. "இது இன்னாய்யா குலம், இது இன்னா வழக்கம்!"னு அவர் எகிறினதும் நான் பொலபொலன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

உள்ளேருந்து அவர் சம்சாரம் வள்ளியம்மாள் வந்தாங்க. "பொண்ணு சாப்பிட்டுதா?"ன்னாங்க. "சாப்பிட்டுது." "அதோட அம்மா?" "சாப்பிட்டா." "அதுங்க ரெண்டையும் இப்ப யாரு பாத்துக்கிறாங்க?"

மச்சான், அதுங்ககிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லலை. சம்பந்தி உயிரைத் தூக்கிக்கிட்டு வேலூர் வந்தவன், பெத்த பொண்ணையும் கட்டினவளையும் மறந்தே போய்ட்டேன். அந்தம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "மூர்த்தி, சட்டையைப் போட்டுக்கிட்டு இவர்கூட போ"ன்னாங்க. ரயில்ல எதிர்ல உக்காந்திருந்தவன் எறங்கினப்புறம் அந்தப் பையன் மெள்ள, "அவங்க நெறைய சாப்பிட்டாங்களா?"ன்னு மட்டும் கேட்டான்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா சுந்தரி பட்டப்பகல்ல தரையில படுத்துக் கெடக்குது. நான் போட்ட கூச்சல்ல தெருவே கூடிப்போச்சு. அது தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. கண்ணைத் தொறந்தா எதிர்ல முன்னப்பின்ன பார்த்திராத ஆம்பளை, கையில உப்புத் தண்ணிச் சொம்பு. "நீங்க யாரு?"ன்னுது. "வேலூரு. குடிச்சிடுங்க"ன்னான் அவன். பொண்ணு பார்க்கிற சடங்கு இப்படியா நடந்துச்சு! சாமுவேல் வந்து பார்த்துட்டு, "நேத்து சாப்பிட்டதுக்கு இன்னிக்கு வாந்தி எடுத்தா இன்னிக்கு சாப்பிட்டதுதான்யா வரும்"னு தலையில அடிச்சுக்கிட்டாரு. பையன் சொல்லாம கொள்ளாம சாயங்கால ரயிலுக்குப் போய்ட்டான்.

இன்று காலையில் சாமுவேல் மறுபடி வந்து எங்கள் மூவர் கண்ணையும் இழுத்துப் பார்த்து, மஞ்சள் இல்லை, பயமில்லை என்கிறார். எனக்குத்தான் நிம்மதி இல்லை, ஈரல் எந்தப் பக்கம் என்று தடவித் தடவிப் பார்க்கிறேன். எல்லம்மா என்னோடு பேசுவதில்லை. விஷத்துக்காக அல்ல. "ஓடறதுக்கு முன்னால வாசப்படியில நின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று நேற்றுக் கேட்டவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். வேலூரிலிருந்தும் ஒரு தகவலும் இல்லை. ஆகையால் தாங்கள் இதைத் தந்தி போல் பாவித்து உடனே புறப்பட்டு வேலப்பாடிக்குப் போய் அவர்களைச் சமாதானப்படுத்தி, பிறகு இங்கு வந்து தங்கள் தங்கையையும் சமாதானப்படுத்த வேண்டியது. இந்த வீட்டில் இனிக் காளான் என்கிற சொல்லே கிடையாது என்று சத்தியம் செய்திருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், தங்கள் வயிறும் குடும்பமும் நோய் நொடியில்லாமல் இருக்க ஆண்டவன் காப்பாற்றுவானாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த
ரத்தினசாமி

பின்குறிப்பு: உறை ஒட்டுகிற நேரத்தில் மூர்த்தி வந்து நிற்கிறான், கையில் ஒரு கூடை. நிறையக் காளான். "புத்துக் காளான். அப்பா ஒண்ணொண்ணா பார்த்து வாங்கினாரு. சாயங்காலம் அம்மாவோட வர்றாரு. நீங்க மொதல்ல சாப்பிடணுமாம், அவர் எதிர்ல உக்காந்து பார்ப்பாராம்" என்றான். கூடையை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம், இவனே வந்திருக்கிறான். சுந்தரி கதவுக்குப் பின்னால் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஆகையால் தாங்கள் சமாதானம் பேச வரவேண்டாம், வெள்ளிக்கிழமை வெற்றிலைபாக்குக்கு அக்காவோடு வந்தால் போதும். எல்லம்மா அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு, "பூண்டு உரிங்க" என்றாள். நேற்றுக்குப் பிறகு என்னோடு பேசுகிற முதல் வார்த்தை. உரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், கடிதாசியில் பூண்டு வாசனை அடித்தால் மன்னிக்கவும்.