தானாகப் புகைந்த வாளி

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் ஆல்வார் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நலம். நான் நலமா என்பதை இதைப் படித்து முடித்ததும் நீங்களே முடிவுசெய்து அவளிடம் சொல்லிவிடுங்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான்: ஐம்பத்தாறு வயதில், மூன்று நாளாக, படகுக் கொட்டகையில் மீன்வலையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறேன். காரணம், ஒரு வாளி.

சனிக்கிழமை ஜன்னல் சட்டங்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். பூசித் துடைத்த ஏழு துணிகளையும் கசக்கித் தகர வாளியில் திணித்தேன். மாலையில் வாளி புகைகிறது! உள்ளே பார்த்தால் கரியும் சாம்பலும். உங்கள் தங்கை குன்வோர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"மறுபடி பைப்பா?"

"இல்லம்மா, வாளிதான் புகையுது."

"ஓஹோ, வாளி பைப் புடிக்குதாக்கும்! அப்ப உன் சட்டைப் பையில இருக்கறது யாருது, வாளியோடதா?"

பையில் பைப் இருந்தது வாஸ்தவம். பழகிய பொருளாயிற்றே என்று சும்மா வைத்திருந்தேன். ஆனால் இனி ஒரு முறை புகைத்தால் படகை விற்கலாம் என்று ஈஸ்டரில் நானே வாக்குக் கொடுத்திருந்தேனா, ஞாயிற்றுக்கிழமையே கடை அறிவிப்புப் பலகையில் 'படகு விற்பனைக்கு' என்று சீட்டு ஒட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை, நடுக்கோடைப் பண்டிகையன்று, ஆள் வந்து படகைப் பார்க்கிறானாம்.

கவலை ஒரு பக்கம் இருக்க, எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது மச்சான்: தீக்குச்சியே இல்லாமல் துணி எப்படிப் பற்றும்? திங்கட்கிழமை புதுத் துணிகளை எண்ணெயில் நனைத்தேன். ஒன்றைக் கயிற்றில் விரித்தேன், மற்றவற்றைக் கசக்கி வாளியில் போட்டு, நம் சானா நீராவிக் குளியலறையில் தொங்கும் வெப்பமானியைக் கழற்றி நடுவில் செருகினேன். பத்து மணிக்கு இருபத்திரண்டு டிகிரி. ஒரு மணிக்கு நாற்பது. மூன்று மணிக்கு எண்பது, ஒரு சானாவே ஆகிவிட்டது! நான்கு மணிக்கு எண்ணெய் வாசம் போய்க் காரமாக மூக்கைக் குத்தியது, துணி பழுப்பேறியது, புகையும் வந்தது. கயிற்றில் கிடந்ததோ சில்லென்று கிடந்தது. அதைவிட அதிசயம், ஒரு நாள் காய்ந்தபின் இன்று அதைச் சமையலறைத் தராசில் வைத்தால், நனைத்தபோது இருந்ததைவிட எடை கூடியிருக்கிறது! ஈரம் போனால் எடை குறைய வேண்டாமா? இந்த எண்ணெய் உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்று கெட்டியாகிறது. தின்னும்போது சூடு கக்குகிறது. விரித்தால் அந்தச் சூடு பறந்துவிடும், கசக்கினால் போக வழியில்லாமல் தன்னையே எரித்துக்கொள்ளும். கோபத்தை உள்ளேயே வைத்திருக்கும் உங்கள் குடும்பத்தாரைப் போல. (மன்னிக்கவும்.)

குன்வோர் எல்லாவற்றையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பின்னல் ஊசி ஒரு கண்ணிகூடத் தவறவில்லை.

"திங்கக்கிழமை வாளி புகைஞ்சுது, ஒத்துக்கறேன். சனிக்கிழமையும் அதேதான்னு எங்க அண்ணன் சொல்லட்டும். முப்பது வருஷம் தீயணைச்சவரு, அவரு பொய் சொல்ல மாட்டாரு."

ஆகவே மச்சான், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போன். ஒரே வார்த்தை. படகு பிழைக்கும்; வருகிற முதல் மீன் உங்களுக்கு.

உங்கள் முழங்கால் வலி தீரவும், உருளைக்கிழங்கு நன்றாக விளையவும் வேண்டும்

பணிவுள்ள தங்கை கணவன்,
ஸிக்ஸ்டன்

பி.கு.: தபால்தலை ஒட்டுமுன் வீட்டுப் பின்புற வேலிப் பக்கம் போனேன். சனிக்கிழமைத் துணிகள் அங்கே விரித்தபடி, அட்டைபோல விறைத்துத் தொங்குகின்றன. எண்ணிப் பார்த்தேன். ஏழு. அப்படியானால் வாளியில் திணித்ததாக நான் நினைத்தது தப்பு மச்சான்; அன்று அதில் புகைந்தது என் பைப் சாம்பலாகத்தான் இருக்கும்.