ஒரு டன்னுக்கு ஒரு கிலோ

திருமூர்த்துலுவின் பண்ணையில் மூவாயிரம் கோழிகள். மூவாயிரமும் பெட்டைகள். அத்தனை பேருக்கு நடுவிலும் மனுஷன் தனிமரமாக நின்றுகொண்டிருந்தார்.

மனைவி மங்கதாயாரு சங்கராந்தி முடிந்த மறுநாளே ஹைதராபாத்துக்குப் போய்விட்டாள். மகளுக்கு இரண்டாவது பிரசவம். போய் ஒன்றரை மாதம் ஆகிறது. வீட்டில் பருப்பு வேகும் வாசனை இல்லை. குழம்பு, பொரியல் விற்கும் கர்ரி பாயிண்ட் கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துச் சோற்றில் கொட்டிப் பிசைந்துவிட்டுப் பாதியிலேயே எழுந்துவிடுவார். அவள் திட்டுக்குக்கூட ஏங்கிப் போனார். குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டில்மேல் வேண்டுமென்றே போடுவார். கேட்க ஆளிருக்காது. சற்றுப் பொறுத்து அவரே எடுத்துக் கொடியில் போடுவார்.

"வந்துடு" என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த ஜாதி வார்த்தை எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் புதிதாக ஆரம்பிக்க வெட்கமாக இருந்தது.

கோழிக்கு ஒன்று என்றால் மட்டும் மங்கதாயாரு அடுத்த ரயிலில் ஏறிவிடுவாள். அங்கேதான் திட்டம் பிறந்தது.

தீவன அறை மூலையில் ஒரு நீல டிரம். துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம் எல்லாம் சேர்ந்த தாது உப்பு அதில்தான் இருக்கும். ஒரு டன் தீவனத்துக்கு ஒரே ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ இல்லாவிட்டால் நாளாக நாளாக முட்டை ஓடு வலுவிழந்து, தொட்டால் விரியும். டிரம் எப்போதும் மங்கதாயாருவின் பொறுப்பு. மகளின் முதல் பிரசவத்துக்கு அவள் போயிருந்தபோது, கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதுதானே என்று இவர் அள்ளி அள்ளிப் போட்டார். கோழிகள் எல்லாம் கழிய ஆரம்பித்து, அவள் அலறியடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த முறை போட்டு வரவழைத்தாயிற்று, இந்த முறை போடாமல் வரவழைப்போம் என்று முடிவு கட்டினார்.

மூன்று வாரம் டிரம் பக்கமே போகவில்லை. மனசு உறுத்தத்தான் செய்தது. "கொஞ்ச நாள் பொறுத்துக்கங்கம்மா, அவ வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று கூண்டு கூண்டாக நின்று கோழிகளிடம் கெஞ்சினார். தினமும் காலையில் இரண்டு முட்டைகளை எடுத்துக் காதருகே வைத்து மெல்லத் தட்டிப் பார்ப்பார். கீறல் விழுந்த முட்டை மந்தமாகச் சத்தம் கொடுக்கும். இவையோ கணீரென்றன.

பண்ணையில் வேலை பார்க்கும் நூகராஜு, அவர் வயதுக்காரன், பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னய்யா தேடறீங்க?"

"விரிசல் இருக்கான்னு."

"ஒண்ணுகூட இல்லியே. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

"அதான்டா கவலையா இருக்கு."

இனி விரிசலுக்குக் காத்திருந்து பயனில்லை என்று அன்றே போனை எடுத்தார்.

"மங்கா, கேக்கறியா? முட்டையெல்லாம் விரிஞ்சு போகுது."

"ஐயையோ. எத்தனை நாளா?"

"ஒரு வாரமா. கையில எடுத்தாலே உடையுது."

"டிரம்லேர்ந்து தாது உப்பு போடறீங்களா?"

"ஒரு தடவைகூடத் தவறல. டன்னுக்கு ஒரு கிலோ, என் கையாலயே அளந்து போடறேன்."

"அப்புறம் என்னவா இருக்கும்?"

"உன்னைத் தேடுது போல. எதையோ பறிகொடுத்த மாதிரியே நிக்குது. சரியா சாப்பிடறதில்ல. தூக்கமும் இல்ல."

"கோழிக்கா?"

"கோழிக்குத்தான்."

"இளைச்சிருக்கா?"

"பாதியாயிடுச்சு."

மறுமுனையில் பேரக்குழந்தையின் சிணுங்கல் கேட்டது.

"ஏங்க, அந்த டிரம்ல இருக்கறது வெந்நீர் அடுப்புச் சாம்பல்."

"என்னது?"

"போன தடவை நீங்க அடிச்ச கூத்து மறக்குமா? தாது உப்பு மொத்தத்தையும் நானும் நூகராஜுவும் நாலு நாள் உக்காந்து, தீவனத்துல சேர்க்கற தவிட்டுலயே அளவாக் கலந்து மூட்டை கட்டிட்டோம். நீங்க அள்ளி அள்ளிப் போட்டாலும் கோழிக்கு ஒண்ணும் ஆகாம இருக்கட்டும்னுதான் டிரம்ல சாம்பலை ரொப்பினேன்."

மூன்று வாரமாக மனசாட்சி உறுத்த உறுத்தக் கோழிகளுக்குத் தராமல் வைத்திருந்தது சாம்பலை என்று திருமூர்த்துலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மெல்ல நூகராஜுவைப் பார்த்தார். அவன் மேலே கூரையைப் பார்த்தான்.

மங்கதாயாருவின் குரல் தணிந்தது. "கோழி கிடக்கட்டும். அங்க வேற யாராவது என்னைத் தேடறாங்களா?"

அவருக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே நூகராஜு முட்டை அட்டையோடு அசையாமல் நின்றான். திருமூர்த்துலு ஒருதரம் இருமினார்.

"நூகராஜுதான்... அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டே இருக்கான்."

"ஓகோ. அப்ப போனை அவன்கிட்டயே குடுங்க."

நூகராஜு வாங்கிக் காதில் வைத்தான். "சரிங்கம்மா" என்றான். மறுபடியும் "சரிங்கம்மா" என்றான். பிறகு போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

"என்னடா சொன்னா?"

"ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து வச்சிருந்தாங்களாம்யா. நான் தேடறதுக்கெல்லாம் ஓடி வர முடியாதாம், உகாதிக்குத்தான் வருவாங்களாம். அது வரைக்கும் டிரம்ல இருக்கற சாம்பலை வச்சு உங்களைப் பாத்திரம் தேய்ச்சுக்கச் சொன்னாங்க."